சோக்கைத் தள்ளிய கை

அந்தக் காரில் டீசல் என்ஜினைப் போட்டது நான்தான். போடச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "மாப்ள, வண்டி கொஞ்சம் சூடாகுதுங்க. அத மட்டும் பாத்துக் குடுங்க." அந்த 'மட்டும்' என் காதில் ஏறவே இல்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் கணபதியில் எனக்கு இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு சின்ன பவுண்டரியும், அதை ஒட்டி மோட்டார் பம்பு செய்யும் பட்டறையும் இருந்தன. அந்தக் காலத்துக் கோயமுத்தூரில் பட்டறை வைத்திருந்தவர்களில் "நம்ம லேத்துல ஆகாதது எது?" என்று கேட்காதவர் கிடையாது. நான் மற்றவர்களைவிடச் சத்தமாகக் கேட்பேன். வீட்டில் மிக்ஸி கெட்டால் கடைக்குக் கொண்டுபோக விடமாட்டேன், நானே பிரித்துப்போடுவேன். திரும்பச் சேர்க்கும்போது இரண்டு திருகு மீதியாகும். மிக்ஸி ஓடும். அந்த இரண்டும் தேவையே இல்லை, கம்பெனிக்காரனுக்குப் புத்தியில்லை என்று மனைவிக்கு விளக்கம் சொல்வேன். தொழிலில் மட்டும் கொஞ்சம் ஒழுங்கு உண்டு. பம்பு வாங்க வருகிற விவசாயியிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "கெணத்துத் தண்ணி நல்லதுங்களா, உப்புங்களா?" என்பதுதான். உப்பென்றால் அதற்குத் தகுந்த பம்பைத்தான் கொடுப்பேன். அதைக் கேட்காமல் ஒரு பம்பைக்கூட நான் வெளியே அனுப்பியதில்லை.

கார் என் மாமனாருடையது. அவர் அந்தியூர்ப் பக்கம் மஞ்சளும் கரும்பும் போட்ட விவசாயி. மலையில் எஸ்டேட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பியபோது அவரிடமிருந்து அந்த வண்டியை வாங்கினாராம். சின்ன, கறுப்பு வண்டி. வளைவில் திரும்பும்போது கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து ஒரு குட்டிக் கை வெளியே நீண்டு, இந்தப் பக்கம் போகிறேன் என்று காட்டும். அதைச் செய்த கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை, தப்பு வண்டியின் மேல் இல்லை. இடது பக்கத்து மட்கார்டில் ஒரு பள்ளம் இருந்தது. கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி என்றைக்கோ உரசியது. தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். "கெடக்குது உடுங்க மாப்ள" என்றார்.

நான் பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னிடம் படிப்பையோ வருமானத்தையோ பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் வாசலுக்குக் கூட்டிப்போய், என் உள்ளங்கையில் கார் சாவியை வைத்தார். "ஓட்டுங்க மாப்ள" என்றார். பேச்சு முடிவாகும் முன்பே மாப்பிள்ளை ஆகிவிட்டேன்! வாய்க்கால் மேடு வரைக்கும் போய்த் திரும்பினோம். இறங்கியதும் அவர் கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன், வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். பெற்ற மகனைக்கூட அவர் அதுவரை அந்த ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை என்று பின்னால் மச்சான் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷத்தில் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. மாமியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வாசலைப் பார்த்த ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்து மச்சான்தான் கவனித்துக்கொண்டார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. சோறு ஊட்டினால் விழுங்குவார், அவ்வளவுதான். மகள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாலும் கண் அவள்மேல் நிற்காது.

பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று மச்சான் ஒருநாள் காலையில் பால் கறந்து முடித்துவிட்டுக் காரைக் கிளப்பினார். குளிர்ந்த என்ஜின் அல்லவா, டேஷ்போர்டில் இருந்த சோக் குமிழை இழுத்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். ஓடவிட்டுவிட்டு ஏதோ யோசனையில் நின்றிருக்கிறார். திரும்பிப் பார்த்தால், ஜன்னலுக்குள் ஐயனின், அதாவது அவர் அப்பாவின், இடது கை மேலே தூக்கியிருக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ பிடித்ததுபோல் சேர்ந்திருக்கின்றன. மெல்ல முன்னால் தள்ளுகின்றன. மச்சானுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் புரிந்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளு என்கிறார்!

காரே ஓட்டாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெட்ரோல் அப்படியே எரியாது. காற்றோடு ஆவியாகக் கலந்தால்தான் பிளக்கின் பொறியில் பற்றும். என்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் சோக்கை இழுத்து, காற்றின் பங்கைக் குறைத்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டிக் கொடுப்போம். சூடேறிய பிறகும் அப்படியே விட்டால் என்ஜின் மூச்சுமுட்டும், புகை கறுப்பாக வரும். சூடேறிவிட்டது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். முதலில் விக்கி விக்கி ஓடும், பிறகு சத்தம் கனக்கும். அந்த நேரம் பார்த்துத் தள்ளினால் தையல் மெஷின் மாதிரி அடங்கி, சீராக ஓடும். சீக்கிரம் தள்ளினால் நின்றுவிடும். மாமனார் படுத்தபடி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அந்தச் சரியான நொடியைச் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அது நடந்தது. மச்சான் காரைக் கிளப்பிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கை எழும்பும். தள்ளும். இவர் சோக்கைத் தள்ளுவார். வண்டி அடங்கியதும் கையும் அடங்கும், முகத்தில் ஒரு தெளிவு வரும், அன்றைக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கும். அப்பனும் மகனும் ஒரு நாளில் பேசிக்கொண்டது அவ்வளவுதான். என் மனைவி இதை என்னிடம் கண்ணீரோடு சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அட, மாமா கட்டில்ல இருந்துட்டே டியூனிங் பண்றாருன்னு சொல்லு!" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மாதம் ஒரு முறை மாமனாரை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துவர வேண்டியிருந்தது. பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்துக்கொண்டு மச்சானே ஓட்டி வருவார். கோபி, சத்தி, அன்னூர் வழியாக வருகிற பாதை. அந்தச் சித்திரையில் சரவணம்பட்டிக்குப் பக்கத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டது. இன்றைக்கு அங்கே கண்ணாடிக் கட்டடங்கள். அன்று சோளக்காடும் வேலியும்தான். அந்த வெயிலில் மாமனாரை ஒரு வேலாமர நிழலில் இறக்கிப் படுக்கவைத்துவிட்டு, மச்சான் காட்டுக்குள் போய்க் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மெல்ல உருட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். அன்றுதான் அந்த 'மட்டும்' சொன்னார். அப்பாவை வாடகைக் காரில் ஊருக்குக் கூட்டிப்போனார். கறுப்பு வண்டி என்னிடம் நின்றது.

பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடியைக் கழற்றியபோது விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கட்டைவிரலால் துடைத்துப்போட்டுவிட்டு மேலே பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வண்டியில் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பே இல்லை! சூடான தண்ணீர் லேசு, தானே மேலே ஏறும். ஆறிய தண்ணீர் கனம், தானே கீழே இறங்கும். அந்த ஒன்றை நம்பியே தண்ணீர் என்ஜினுக்கும் ரேடியேட்டருக்குமாகச் சுற்றும்படி செய்திருந்தான் சீமைக்காரன். அறிவான ஏற்பாடுதான். ஆனால் வாழ்நாளெல்லாம் பம்பு விற்கிற எனக்கு அது பிச்சைக்காரத்தனமாகப் பட்டது. "பம்பே இல்லாம ஓடுனா சூடாகாம என்ன செய்யும்?" என்று பட்டறையே கேட்கிறாற்போல் சொன்னேன். நோய் கண்டுபிடித்தாகிவிட்டது.

அப்போது ஊரெல்லாம் பழைய பெட்ரோல் காரில் டீசல் என்ஜின் மாற்றுகிற மோகம். ஜப்பானில் ஓடி இங்கே வந்திறங்கிய ஒரு சின்ன டீசல் என்ஜின் தெரிந்தவர் மூலமாகக் கிடைத்தது. அதை அந்தக் குட்டி வண்டிக்குள் உட்காரவைக்க நான் பட்ட பாட்டை இன்று நினைத்தாலும், வெட்கக்கேடு, கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. தாங்கிகளை வெட்டி வெல்டிங் வைத்தேன். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வர வேண்டிய தட்டை என் பவுண்டரியிலேயே வார்த்துக் கடைந்தேன். பெரிய ரேடியேட்டர், தண்ணீர் பம்பு, புது பேட்டரி. டீசலுக்குச் சாவி போடும் சுவிட்சும் வேறு, பழையதைச் சாவியோடு தூக்கிப் போட்டேன். கடைசியில் பளபளவென்று கறுப்புப் பெயின்ட். மட்கார்டுப் பள்ளத்தையும் தட்டி நிமிர்த்தினேன். சோக் குமிழை மட்டும் அழகுக்காக அப்படியே விட்டுவைத்தேன். இழுத்தால் வரும், தள்ளினால் போகும், பின்னால் எந்தக் கம்பியும் இல்லை.

வேலை நடந்துகொண்டிருந்தபோது என் மனைவி ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தாள். வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அண்ணாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யலாமல்லோ?"

"கேட்டா வேண்டாம்பாரு. ஓட்டிப் பாக்கட்டும், அப்பத் தெரியும்."

"அதில்லீங்க. ஐயன் காத்தால அந்தச் சத்தத்தக் கேப்பாரல்லோ?"

"சத்தம்தான வேணும்? இது முன்னைக்குப் பத்து மடங்கு நல்லாக் கேக்கும்!"

அவள் கேரியரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இதைச் சொன்ன வாயை இன்றைக்குத் தைத்துவிடலாம் போலிருக்கிறது. பெட்ரோல் என்ஜினில் பொறி வந்து மெதுவாகப் பற்றவைக்கிறது. டீசலில் பொறியே கிடையாது. காற்றை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினால் அது கொள்ளிபோல் சூடாகும், அதற்குள் டீசலைப் பீய்ச்சினால் தானே வெடிக்கும். அந்த வெடிப்புதான் அந்தக் 'கடகட'. லாரிக்கும் டிராக்டருக்கும் உள்ள குரல் அது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். அவள் எந்தச் சத்தத்தைச் சொல்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் விடியற்காலம் கிளம்பி, மனைவியை உட்காரவைத்துக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். வண்டி எங்கேயும் சூடாகவில்லை. வாசலில் ஹாரன் அடித்தேன். மச்சான் வெளியே வந்தார். பானெட்டைத் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க செஞ்சாச் சேரியாத்தான் இருக்குமுங்க மாப்ள. நல்லா இருக்குதுங்க" என்றார். அடுப்படிக்குப் போய் எனக்குக் காப்பி வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் வீட்டு மாப்பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள். தங்கச்சி வாழப்போன வீட்டுக்காரன். அவன் கொட்டிக் கவிழ்த்தாலும் "பரவாயில்லீங்க" என்றுதான் வரும். அந்த மரியாதையில் குளிர்காய்ந்துகொண்டே நான் இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அன்றும் குளிர்காய்ந்துவிட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினேன். மாமனாருடைய கண் வெளிவாசல் கேட் பக்கமே இருந்ததைப் பார்த்தேன். இரண்டு மாதமாகக் காரில்லாமல் ஏங்கிப்போயிருக்கிறார், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மனைவி ஊரிலேயே இரண்டு வாரம் தங்கிவிட்டு வந்தாள். வந்தவள் பையைக்கூட இறக்காமல் நடந்ததைச் சொன்னாள்.

நான் வண்டியை விட்டுவந்த மறுநாள் காலையில் மச்சான் அதைக் கிளப்பியிருக்கிறார். ஜன்னலைப் பார்த்திருக்கிறார். கை எழும்பவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நாலாவது நாள் ஐயன் இடது கையைத் தூக்கி வாசலைக் காட்டி, பிறகு விரித்த உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டினாராம். காரை எங்கே காணோம் என்கிறார். "இங்கதானுங்கய்யா நிக்குது" என்று மச்சான் சொல்லியிருக்கிறார். நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்க் காருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கிறார்கள். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, தள்ளி நிற்பதெல்லாம் நிழலாகத்தான் தெரியும். கையால்தான் பார்ப்பார். இடது மட்கார்டைத் தடவினாராம். தடவித் தடவிப் பார்த்தாராம். அந்தப் பள்ளம் அங்கே இல்லை. நாங்கள் எல்லாரும் சேர்ந்து காரை விற்றுவிட்டு, வேறு எதையோ கறுப்பாகக் கொண்டுவந்து நிறுத்தி ஏமாற்றுகிறோம் என்று முடிவு கட்டிவிட்டார். அதற்கப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மச்சான் ஊட்டினால் வாயைத் திறப்பதில்லை. மகள் ஊட்டினால் கொஞ்சம்.

"ஐயன் அண்ணாவத் திருடன்னு நெனச்சுக்கிட்டாருங்க" என்றாள். அவ்வளவு கோபமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

"அட, இதுக்குப் போயி! பழைய என்ஜினத் திரும்ப வெச்சாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்கு ஓடினேன். என்ஜினைப் பழைய இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தோம். அங்கே இல்லை. பவுண்டரி மேஸ்திரியைக் கேட்டேன்.

"அது போன மாசம் இரும்பு ஊத்துனப்பவே ஒடச்சு ஒலையில போட்டுட்டமுங்களே. கார் பிளாக்கு நல்ல இரும்பு, வெச்சிருக்காதீங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். கோயமுத்தூர் பவுண்டரிகளில் பழைய கார் என்ஜினுக்கு எப்போதும் மதிப்பு உண்டு. உருக்கினால் வார்ப்பு வழுவழுவென்று வரும். மாமனாருடைய என்ஜின் உருகி, பம்புகளாகி, நான் ஊர் ஊராக லாரியில் அனுப்பியும் முடித்திருந்தேன். ஒரு துண்டு மட்டும் குவியலின் ஓரத்தில் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் ஓடுகிற துவாரம் அதில் குறுக்கே உடைந்து தெரிந்தது. என் கட்டைவிரல் தாராளமாக நுழைய வேண்டிய துவாரம். ஒரு தீக்குச்சிதான் நுழைந்தது. மீதியெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு, கல்லாக இறுகிப்போயிருந்தது. அந்தியூர் போர்வெல்லின் உப்புத் தண்ணீரை வருஷக்கணக்காக ஊற்றி, கொதித்துக் கொதித்துப் படிந்தது. என்ஜினுக்கு ஒரு கேடும் இல்லை. ஒரு நாள் நீர்த்த ஆசிட்டை ஊற்றிவைத்து ஓஸ் பைப்பால் அலசிவிட்டிருந்தால், அது தன் பாட்டுக்கு இன்னும் இருபது வருஷம் ஓடியிருக்கும். முன்பின் தெரியாத விவசாயியிடமெல்லாம் தண்ணி உப்பா என்று கேட்கிற மடையன், சொந்த மச்சானிடம் கேட்கவில்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

அதே மாதிரி என்ஜினுக்காக உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவரிடம் அதே ரகக் கார், சாம்பல் நிறத்தில், ஓடுகிற நிலையில் இருந்தது. அவர் வீட்டுப் படியேறிக் கெஞ்சினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு நாளைக்குத் தருகிறேன், பத்திரம் என்றார். ஊருக்குப் போன் செய்து மச்சானிடம் சொன்னேன். "மாமா ஒருக்கா அந்தச் சத்தத்தக் கேக்கட்டும் மச்சான். மனசு ஆறும்." "உங்க இஷ்டமுங்க மாப்ள" என்றார். எங்கள் ஊரில் 'உங்க இஷ்டமுங்க' என்று சொன்னால் வேண்டாம் என்றுதான் அர்த்தம். அது எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்தும் போனேன்.

ஆடி மாதம். அந்தியூர்த் திருவிழாவின் குதிரைச் சந்தைக்குப் போகிற வண்டிகளும் கூட்டமுமாக ரோடு நெரிந்தது. முந்தின நாளே போய்ச் சேர்ந்து, காரை மாட்டுக்கொட்டகைப் பக்கம் நிறுத்தினேன். விடிந்ததும் அதை ஜன்னலுக்கு எதிரே தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தி, சோக்கை இழுத்துக் கிளப்பினேன். விக்கியது. பிடித்துக்கொண்டது. சத்தம் கனத்தது.

கை எழும்பியது! கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. தள்ளின. நான் சோக்கைத் தள்ளினேன். வண்டி தையல் மெஷின் மாதிரி அடங்கியது. உள்ளே மனைவி சத்தமாக அழுவது கேட்டது. நான் காரைவிட்டு இறங்கி, பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினேன். சாதித்துவிட்டேன் என்று நினைத்தேன், கடவுளே. அன்றைக்கு மாமனார் மகன் கையால் சாப்பிட்டார். மச்சானுடைய முகத்தைப் பல முறை பார்த்தார். இடது கையால் அவர் தோளை ஒரு முறை தட்டினார்.

சாயங்காலத்துக்குள் வக்கீலிடம் வண்டியை விட வேண்டும். மத்தியானம் கிளம்பத் தயாராகி, விடைபெறுவதற்காகக் கட்டிலருகே போனேன். "மாமா, நான் போய்ட்டு வாரேனுங்க" என்றேன். கையில் சாவி இருந்தது. அவர் அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி, உள்ளங்கையை என் முன்னால் விரித்தார்.

பெண் பார்க்க வந்த அன்று வாய்க்கால் மேட்டிலிருந்து திரும்பியதும் நீட்டினாரே, அதே மாதிரி. ஓட்டிப் பார்த்தாகிவிட்டதல்லவா மாப்ள, சாவியைக் கொடு.

கொடுக்க முடியவில்லை. அது இன்னொருவருடைய சாவி. டீசல் வண்டியின் சாவியை மச்சான் ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், அதை அந்தக் கையில் வைத்தேன். கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் படுக்கையில் போட்டுவிட்டார். கை மறுபடியும் விரிந்தது. "ஐயா, மாப்ள போய்ட்டு வாரட்டுமுங்க, நேரமாகுது" என்று மச்சான்தான் அந்தக் கையை மெதுவாக மடக்கி நெஞ்சின் மேல் வைத்தார். நான் வெளியே வந்து வண்டியைக் கிளப்பினேன். ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், பார்த்துவிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். காரை எடுத்துக்கொண்டது மகனில்லை, மருமகன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அது தப்பான தீர்ப்பு என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு நான் போனால் கண்ணை மூடிக்கொள்வார். கார்த்திகையில் காலமானார்.

மயானக் காரியம் முடிந்து ஆண்களெல்லாம் வாசலில் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தோம். யாரையோ பஸ் ஏற்றிவிட அந்தக் கறுப்பு வண்டி கடகடவென்று வெளியே போனது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஐயனோட வண்டியில்லீங்களா அது? சத்தம் மாறிப்போச்சுங்களே?" என்று கேட்டார். மச்சான் இன்றைக்காவது ஏதாவது சொல்லட்டும், பத்துப் பேருக்கு நடுவில் சொல்லட்டும், செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

மொட்டையடித்த தலையில் துண்டைச் சரிசெய்துகொண்டு மச்சான் சொன்னார்:

"நம்ம மாப்ள பாத்துக் குடுத்ததுங்க. அதுக்கப்பறம் ஒரு நாளும் சூடானதில்லீங்க."